உறங்காக் காந்தம்

இரும்பைக் காந்தம் இழுக்கும் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த உண்மை. மணலிலே காந்தத் துண்டை உருட்டி, இரும்புத் துகள் அதனோடு ஒட்டி வருவதைக் கண்டு களியாத பிள்ளை அரிது. உள்ளம் ஒன்றன்பால் தன்வயம் இழந்து செல்லும் நிலையைக் காந்தம் கண்ட இரும்பிற்கு ஒப்பிட்டுக் கூறுதலும் தமிழ் வழக்கே. இங்ஙனம் விளையாட்டுப் பொருளாகவும் உவமைப் பொருளாகவும் நாம் அறிந்த காந்தம், இக்காலத்து மருத்துவமனைகளிலே, மனித உடலை அறுக்காமலே அதன் உட்புறத்தைக் காட்டும் அரியதொரு கருவியாக அமர்ந்திருக்கின்றது. எம். ஆர். ஐ. ஸ்கேன் என்று மக்கள் வழங்குவது இதனையே. இக்கருவியால் விளையும் நன்மை பெரிது. ஆயினும், அதனை அணுகும் முறை அறியாதார்க்கு நேரும் தீங்கும் சிறிதன்று. அத்தீங்கு எவ்வாறு நேர்கின்றது, அதனைத் தடுத்தற்கு மருத்துவ உலகம் வகுத்துக்கொண்ட நெறிகள் யாவை என்பவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். நம் உடலிற் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு நுண்கூறிலும் ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அவ்வணுக்களின் கருக்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம் போன்று, சுழலும் பம்பரத்தின் இயல்பு உடையவை. வலிய காந்தத்தினுள்ளே உடலைக் கிடத்தினால் இக்கருக்களுட் சில காந்தத்தின் திசைக்கு ஒத்து நிற்கும். அப்பொழுது தக்கதொரு வானொலி அலையைச் செலுத்தினால் அவை நிலை பெயர்ந்து, பின்னர்த் தம் நிலைக்கு மீளும்போது தாமும் மெல்லியதொரு அலையை வெளியிடும். அவ்வலையைப் பற்றிக் கணித்து உடலின் உள்ளுறுப்புக்களைப் படமாகத் தீட்டுவதே இக்கருவியின் தொழில். அணுக்கருக்களின் இவ்வியல்பை 1946-இல் பிளாக், பர்செல் என்னும் இருவர் தனித்தனியே கண்டு விளக்கி, 1952-இல் நோபெல் பரிசு பெற்றனர். 1973-இல் லாட்டர்பர் என்பார் அதனைக்கொண்டு படம் எடுக்கும் வழியை வெளியிட்டார். மான்ஸ்பீல்டு என்பார் அம்முறையை விரைவும் செம்மையும் உடையதாக்கினார். இவ்விருவரும் 2003-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

எக்ஸ் கதிர் உடலிற் பாய்வது போன்ற தீங்கு இக்கருவியிடத்து இல்லை. இஃது உண்மையே. ஆனால் இவ்வுண்மையிலிருந்தே ஒரு பிழையான எண்ணமும் தோன்றுகின்றது. கதிர் இல்லை, கத்தி இல்லை, ஊசியும் பெரும்பாலும் இல்லை. ஆதலின் அஞ்சுதற்கு இங்கே யாதுளது என்று பலரும் கருதுகின்றனர். கண்ணுக்குப் புலனாகாததும் மணம் இல்லாததும் உடலிற் பட்டாலும் உணர்த்தாததுமாகிய காந்தப்புலத்தை அஞ்ச வேண்டும் என்று யார் நினைப்பார்? தீயின் அருகே சென்றால் வெம்மை உணர்த்தும். ஆற்றின் ஆழத்தை அதன் சுழிகள் உணர்த்தும். காந்தமோ தன்னை உணர்த்துவதில்லை. இரும்பு ஒன்று அருகே வரும்வரையில் அதன் அறை ஓர் அமைதியான அறையே.

இக்காந்தத்தின் வலிமையை அளவாற் கூறினால் விளங்கும். காந்தப்புலத்தை அளக்கும் அலகு டெஸ்லா. மருத்துவமனைகளிற் பெரிதும் வழங்கும் கருவிகள் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா வலிமை உடையவை. 1.5 டெஸ்லா என்பது, திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும் நம் புவியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. இத்துணை வலிமையை இரும்புக் காந்தத்தாற் பெறுதல் எளிதன்று. மிகக் கடுங்குளிரிற் சில உலோகங்கள் மின்சாரத்தைச் சிறிதும் தடையின்றிச் செல்லவிடும் என்பதை, ஹாலந்து நாட்டு லெய்டன் நகரத்திலே காமர்லிங் ஆன்னஸ் என்னும் அறிஞர் 1911-இல் கண்டறிந்தார். அவ்வுண்மையே இங்குப் பயன்படுகின்றது. நியோபியம், டைட்டேனியம் என்னும் உலோகங்களின் கலப்பாலாகிய கம்பிச் சுருளை, சுழிக்குக் கீழ் 269 பாகை சென்டிகிரேடு குளிருள்ள நீர்ம ஹீலியத்தால் குளிர்வித்து, ஒருமுறை மின்சாரத்தை அதனுள் ஓடவிட்டுவிட்டால், அது தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலும் மின்சாரம் ஊட்ட வேண்டுவதில்லை.

இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே என்க. விளக்கு அணைந்தாலும், கணிப்பொறி நின்றாலும், மருத்துவமனை முழுவதும் மின்சாரம் அற்று இருண்டாலும், காந்தம் அணைவதில்லை. நோயாளி இல்லாத நள்ளிரவிலும் அது விழித்தே இருக்கும். விடுமுறை நாளிலும் அதற்கு ஓய்வு இல்லை. 'யந்திரம் நிறுத்தப்பட்டிருக்கின்றது' என்னும் சொல், மற்றெந்தக் கருவிக்குப் பொருந்தினும் இதற்குப் பொருந்தாது. படம் எடுக்கும் வேலைதான் நின்றிருக்கும், காந்தம் நிற்பதில்லை. உறங்காத காவலனை நாம் அறிவோம். இஃது உறங்காத ஈர்ப்பு.

மற்றுமொரு செய்தியும் உளது. காந்தத்தின் இழுப்பு, அதனை நோக்கிச் செல்லுந்தோறும் சிறிது சிறிதாக மிகுவதன்று. கருவியின் வாயை அணுகும்போது திடீரென்று பெருகுவது. புலத்தின் அளவு எவ்விடத்தில் விரைந்து மாறுகின்றதோ அவ்விடத்திலேயே இரும்பின்மேற் பாயும் இழுப்பும் மிகும். இக்காலத்துக் கருவிகள், வெளியே பரவும் புலத்தைச் சுருக்கி அடக்கிவைக்கும் அமைப்பு உடையவை. அதனால் அறைக்கு வெளியே உள்ளார்க்கு நன்மையே. ஆயினும், உள்ளே செல்பவன் சில அடி தூரம் வரையில் கையிலுள்ள இரும்புப் பொருளில் ஒன்றும் உணரான். மேலும் ஓர் அடி எடுத்து வைத்தவுடன் அப்பொருள் அவன் கைக்கு அடங்காது பறந்துவிடும். எச்சரிக்கைக்கும் விபத்திற்கும் இடையே ஓர் அடியே உளது. கத்தரிக்கோல், நாற்காலி, தரை துடைக்கும் யந்திரம் முதலியன இவ்வாறு பறந்து சென்று கருவியில் ஒட்டிக்கொண்ட செய்திகள் பல.

இவ்விபத்துக்களுள் உலகத்தை விழிக்கச் செய்தது 2001-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்செஸ்டர் மருத்துவமனையில் நேர்ந்ததாகும். மூளையிற் கட்டிக்கு அறுவை மருத்துவம் செய்துகொண்ட 6 வயதுச் சிறுவன் ஒருவனை, அசையாதிருத்தற்பொருட்டு மயக்கமருந்து கொடுத்துக் கருவியினுள்ளே கிடத்தியிருந்தனர். அப்போது குழாய் வழியே வரவேண்டிய பிராணவாயு கிடைக்காமற்போயிற்று. மருத்துவர் பிராணவாயு வேண்டுமென்று கூவினார். அவசரத்தில் எஃகாலாகிய பிராணவாயு சிலிண்டர் ஒன்று அறைக்குள்ளே கொண்டுவரப்பட்டது. காந்தம் அதனைப் பற்றி இழுத்தது. கருவியினுள்ளே பாய்ந்த சிலிண்டர் குழந்தையின் தலையில் மோதியது. இரண்டு நாள் கழித்து அக்குழந்தை இறந்தது.

இந்நிகழ்ச்சியை ஆராயுங்கால் நெஞ்சை வருத்துவது ஒன்று உளது. அங்கே தீயோர் ஒருவரும் இலர். சிலிண்டரைக் கொண்டுவந்த கை, குழந்தையின் மூச்சைக் காக்க விரைந்த கை. உயிர் கொடுக்க வந்த பொருளே உயிரைக் கொண்டது. அன்பின் விரைவு, அறிவின் நிதானத்தை முந்திச் சென்றமையால் நேர்ந்த கேடு அது.

பின்னர் நேர்ந்த விபத்துக்களும் பெரும்பாலும் இவ்வழியினவே. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், உறவினராகிய நோயாளிக்குத் துணையாகச் சென்ற 32 வயது இளைஞர் ஒருவர் பிராணவாயு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கருவி அறைக்குட் புகுந்தார். கருவி நிறுத்தப்பட்டுள்ளது என்று ஊழியர் கூறியதை நம்பியே அவர் உட்சென்றார் என்று உறவினர் உரைத்தனர். சிலிண்டரோடு அவரும் இழுக்கப்பட்டு உயிர் துறந்தார். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில், படம் எடுத்து முடிந்த தம் மனைவி எழுந்திருக்க உதவும்பொருட்டு அறைக்குட் சென்ற 61 வயதினர் ஒருவர், உடற்பயிற்சிக்காகக் கழுத்தில் அணிந்திருந்த கனத்த இரும்புச் சங்கிலியால் கருவிக்குள் இழுக்கப்பட்டு மறுநாள் இறந்தார். ஒருவர் உறவினர்க்கு உதவச் சென்றவர். மற்றொருவர் மனைவிக்குக் கைகொடுக்கச் சென்றவர். நோயாளியைக் காட்டிலும் உடன் வந்தோர்க்கே இவ்விடத்துக் காவல் மிகுதியும் வேண்டும் என்பது இவற்றாற் புலனாகும்.

இனி, இவற்றைத் தடுத்தற்கு வகுத்த நெறிகளைக் காண்போம். வெஸ்ட்செஸ்டர் விபத்தின் பின்னர், அமெரிக்கக் கதிரியக்க மருத்துவக் கல்லூரி என்னும் கழகம் 2002-இல் இக்கருவிகளின் பாதுகாப்புக் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பின்னர்ப் பன்முறை திருத்தம் பெற்ற அவ்வறிக்கை, கருவியைச் சூழ்ந்த இடத்தை நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கின்றது. முதல் வட்டாரம் எவரும் வரக்கூடிய பொதுவிடம். இரண்டாவது, நோயாளியை வரவேற்று, உடலில் உலோகம் உண்டா என்று வினவும் இடம். மூன்றாவது, கருவியை இயக்குவோர் அமரும் இடத்தை உள்ளிட்டது. வினவிச் சோதிக்கப்படாத எவரும் இதனுட் புகலாகாது. இதன் கதவு பூட்டியே இருத்தல் வேண்டும். நான்காவது, காந்தம் உறையும் அறை. கோயிலிற் கருவறையை அடைதற்கு முன்னே பல வாயில்களைக் கடத்தல் போல, இக்காந்தத்தை அடைதற்கும் வாயில்கள் பல உள. ஒவ்வொரு வாயிலும், உட்புகுவோன் தன்னிடத்து இரும்பு உண்டா என்று மீட்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்தற்கு வைத்த இடமாகும். ஒரு வாயிலிற் காவலர் தவறினும் மற்றொரு வாயிலில் தவறு பிடிபடும்.

அறைக்குட் செல்லும் பொருள்களுக்கும் அடையாளம் உண்டு. எவ்வாற்றானும் தீங்கு செய்யாத பொருளுக்குப் பச்சைச் சதுரமும், இன்ன அளவுக் காந்தத்தில் இன்ன முறையில் மட்டும் கொண்டுசெல்லலாம் என்னும் பொருளுக்கு மஞ்சள் முக்கோணமும், எக்காலத்தும் கொண்டுசெல்லலாகாத பொருளுக்குச் சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடும் குறியாக இடப்படுகின்றன. சிலிண்டர், சக்கர நாற்காலி, படுக்கை வண்டி ஆகியவை அலுமினியம் போன்ற காந்தம் பற்றாத பொருள்களாற் செய்யப்படுதல் வேண்டும். எஃகுச் சிலிண்டரும் அலுமினியச் சிலிண்டரும் வண்ணம் பூசிய பின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் ஆதலின், இக்குறிகள் இன்றியமையாதன. அவசரத்தில் கண் ஏமாறும், குறி ஏமாறாது.

உடலுக்கு வெளியே உள்ள இரும்பைக் கண்டு களைதல் எளிது. உடலுக்குள்ளே இருக்கும் உலோகத்தை யார் காண்பார்? ஆண்டுகட்கு முன்னர்ச் செய்துகொண்ட அறுவை மருத்துவத்திலே மூளையின் இரத்தக் குழாயில் கிளிப் என்னும் சிறு உலோகக் கவ்வி இடப்பட்டிருக்கலாம். அக்கவ்வி காந்தம் பற்றும் வகையினதாயின், அது திரும்பிக் குழாயைக் கிழித்துவிடும். பாதுகாப்பான வகை என்று கருதப்பட்ட கவ்வி உண்மையில் வேறு வகையாக இருந்தமையால் பெண்மணி ஒருவர் உயிரிழந்த செய்தி 1993-இல் மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. பட்டறையில் உழைப்பவர் கண்ணில், அவர் அறியாமலே, இரும்புப் பொடி தங்கியிருத்தல் கூடும். அத்தகைய துகள் அசைந்து ஒருவர் பார்வையைக் கெடுத்த செய்தி 1986-இல் வெளியாயிற்று. ஆதலாலேயே, 'நீர் இரும்புப் பட்டறையிலோ பற்றவைக்கும் தொழிலிலோ இருந்தது உண்டா?' என்று கேட்கின்றனர். ஐயம் இருப்பின் முதலில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்க்கின்றனர். இதயத் துடிப்பை நெறிப்படுத்தும் பேஸ்மேக்கர் உடையார்க்கு முன்னாளில் இப்படம் பெரும்பாலும் மறுக்கப்பட்டது. குறித்த நிபந்தனைகளோடு காந்தத்தைத் தாங்கும் பேஸ்மேக்கருக்கு அமெரிக்க அரசு 2011-இல் முதன்முதல் இசைவளித்தது. எனினும், தம் உடலில் இருப்பது எவ்வகை என்பதற்குரிய சீட்டை நோயாளி காட்டாவிடின் மருத்துவர் அதனை அறிதல் எளிதன்று.

எனவே, இவ்விடத்துக் கேட்கப்படும் வினாக்களுக்கு உண்மையான விடை கூறுதல் மருந்து உண்பதனினும் முதன்மையானது. 2023-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு ஸாவோ பவுலோ நகரத்தில், தாயோடு துணைக்குச் சென்ற ஒருவர், உலோகப் பொருள்களை நீக்குமாறு கூறப்பட்டும், இடுப்பில் மறைத்திருந்த கைத்துப்பாக்கியோடு உட்புகுந்தார். காந்தம் அதனை இழுத்தபோது அது வெடித்து, அவர் வயிற்றிற் குண்டு பாய்ந்தது. சில வாரங்களில் அவர் இறந்தார். மறைத்த பொருளை மனிதர் காணாதிருக்கலாம், காந்தம் கண்டுவிடும்.

நம் நாட்டார் இவ்விடத்துக் கருத வேண்டுவன சில உள. தாலிச் சரட்டிற் கோத்த ஊக்கு, புடைவை மடிப்பிற் குத்திய ஊக்கு, கொண்டை ஊசி, அரைஞாணிற் கட்டிய திறவுகோல், தாயத்து ஆகியவை நமக்கு உடலின் உறுப்புக்கள் போல ஆகிவிட்டமையால், 'உலோகம் ஏதும் உண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்றே வாய் தானாகக் கூறிவிடும். பொன்னைக் காந்தம் இழுக்காதே என்பாரும் உளர். பொன்னை இழுக்காது என்பது மெய்யே. ஆனால் கருவி செலுத்தும் வானொலி அலை, மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களிற் பாய்ந்து வெம்மையை உண்டாக்கும். வளையமாக அமைந்த அணிகலனும், சுருண்டு கிடக்கும் கம்பியும், சரிகை ஆடையும், உலோகத் தகடு உள்ள மருந்துப் பட்டையும் தோலைச் சுட்டுவிடுதல் கூடும். தொடையோடு தொடையும் கையோடு இடுப்பும் ஒட்டிக் கிடந்தாற்கூட உடலே ஒரு மின்வளையமாகிச் சுடுதல் உண்டு. அதனாலேயே இடையில் மெத்தைத் துணி வைக்கின்றனர். படுத்திருக்கும்போது எவ்விடத்திலேனும் சூடு தோன்றினால், கையிற் கொடுத்த அழைப்புப் பந்தை உடனே அழுத்துதல் வேண்டும். பொறுமை இவ்விடத்து நற்குணம் ஆகாது. கருவி எழுப்பும் ஓசை 100 டெசிபெலுக்கு மேற்படுதலும் உண்டாதலின், செவிக்காப்பு அணியாது உள்ளே கிடத்தலும் ஆகாது.

இறுதியாக, ஆபத்துக் காலத்தில் செய்யத்தக்கது யாது என்பதைக் கூறுதல் வேண்டும். கருவியினுள்ளே இருக்கும் நோயாளியின் இதயம் நின்றுவிட்டால், கருவிகளோடு மருத்துவர் கூட்டம் உள்ளே ஓடுதல் கூடாது. நோயாளியை விரைவில் வெளியே கொணர்ந்து, காந்தம் எட்டாத இடத்திலேதான் முழுச் சிகிச்சையும் செய்தல் வேண்டும். ஓடிவரும் கூட்டத்தின் சட்டைப்பையிற் கத்தரிக்கோலும், தோளிற் சிலிண்டரும் இருக்கும் அன்றோ? அன்பு ஓடிவரும் அந்நேரத்திலேதான் வாயிலில் நின்று தடுப்பவர் ஒருவர் வேண்டும். அவர் கடுமையே அவ்விடத்து அருளாகும்.

காந்தத்தையே அணைத்துவிடல் ஆகாதோ எனின், அதற்கும் ஒரு பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் கம்பிச் சுருள் வெம்மையுற்று, நீர்ம ஹீலியம் கொதித்து ஆவியாகி, காந்தம் அழியும். ஆயின் அது நொடியில் நிகழ்வதன்று. ஒரு நிமிடமோ அதற்கு மேலோ செல்லும். ஒரு படி நீர்ம ஹீலியம் ஏறத்தாழ 700 படி வாயுவாக விரியும். அவ்வாயு குழாய் வழியே வெளியேறாது அறைக்குள் நிரம்பினால், அங்குள்ள பிராணவாயுவை வெளித்தள்ளி மூச்சைத் திணறச் செய்யும். ஆதலின் ஒருவர் கருவியோடு நசுங்கி உயிருக்குப் போராடும் நிலை போன்ற பேரிடரிலன்றி இப்பொத்தானைத் தொடலாகாது. பிழை செய்தபின் திருத்துதல் இத்துணை அரிதாதலின், பிழை நேராமற் காத்தலே வழி.

இதுகாறும் கூறியவற்றால், இக்கருவி பகையன்று என்பதும், அதன் முன்னே மறதியே பகை என்பதும் விளங்கும். எத்தனையோ நோயாளிகள் இதனால் நலம் பெறுகின்றனர். நெறி வழுவாத இடத்தில் அவர்க்குத் தீங்கு நேர்தல் மிக அரிது. நம்முள் எவரும் நாளை ஒரு நோயாளியாகவோ, தாய் தந்தையர்க்குத் துணையாகவோ அவ்வறையின் வாயிலில் நிற்க நேரலாம். அப்போது ஊழியர் ஒரே வினாவை மும்முறை கேட்டால் சினவாதிருப்போமாக. அணிகளைக் களையச் சொன்னால் நாணாது களைவோமாக. உள்ளே இருந்து நமக்கு வேண்டியவர் குரல் கேட்டாலும், அழைக்கப்படாமல் வாயிலைக் கடவாதிருப்போமாக. அன்புடையார்க்கு ஓடுதல் எளிது; நிற்றல் அரிது. அவ்வாயிலிலே நிற்கக் கற்றலும் அன்பின் ஒரு பகுதியே ஆகும்.